வடிகட்டியில் சிக்கிய துகள்கள், சிக்காத பக்கவாதம்

நெஞ்சைத் திறக்காமலேயே இதய வால்வை மாற்றிவிடலாம் என்று மருத்துவர் சொல்லும்போது, வயதான நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய ஆறுதல் பிறக்கிறது. தொடையில் ஒரு சிறு துளை, அதன் வழியே ஒரு குழாய், ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், சில நாட்களில் வீடு திரும்பலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்கும்போதுதான் ஒரு வரி அவர்களைத் தடுத்து நிறுத்துகிறது: சிகிச்சையின்போதோ அடுத்த சில நாட்களிலோ பக்கவாதம் வரக்கூடும். இதயத்துக்குச் செய்யும் சிகிச்சையில் மூளை ஏன் அடிபட வேண்டும்? அதைத் தடுக்க ஒன்றும் செய்ய முடியாதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் விடை தேடி வருகிறார்கள். இடையில் அழகான ஒரு கருவி வந்தது. பல்லாயிரம் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. தீர விசாரித்தபோது கிடைத்த பதில் யாரும் எதிர்பார்த்ததாக இல்லை. அந்தக் கதையை விரிவாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் வால்வு. இதயத்தின் இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் பாயும் வாசலில் மூன்று மெல்லிய இதழ்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன. முழுதாகத் திறந்தால் வாசலின் பரப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர். வயதாக ஆக இந்த இதழ்களில், வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் உப்பு படிவதுபோல, கால்சியம் படிகிறது. இதழ்கள் தடித்து, விறைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வாசல் 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிட்டால் அது கடுமையான சுருக்கம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், சிலருக்குத் திடீரென மயக்கம் வரும். மேலை நாடுகளில் 75 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு இந்தக் கடுமையான நிலை இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. படிந்த கால்சியத்தைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வால்வை மாற்றுவது ஒன்றே வழி.

நெடுங்காலம் அந்த மாற்று வேலை அறுவை அரங்கில்தான் நடந்தது. மார்பெலும்பை அறுத்து, இதயத்தை நிறுத்தி, ரத்த ஓட்டத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்து, பழைய வால்வை வெட்டி எடுத்துப் புதியதைத் தைக்க வேண்டும். எண்பது வயதில் சிறுநீரகமும் நுரையீரலும் தளர்ந்துபோன ஒருவர் இதைத் தாங்குவது கடினம். பிரான்சின் ருவான் நகர இதய மருத்துவர் அலென் கிரிபியே 1985-ல் பலூனை உள்ளே செலுத்தி ஊதி, ஒட்டிய இதழ்களைப் பிரித்துப் பார்த்தார். நோயாளிகள் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ஆனால் சில மாதங்களில் வாசல் மறுபடி சுருங்கியது. அப்படியானால் பலூன் விரியும் இடத்திலேயே ஒரு புது வால்வை நிறுத்திவிட்டு வந்தால் என்ன என்று அவர் யோசித்தார். டென்மார்க்கின் ஹென்னிங் ரூட் ஆண்டர்சன் 1989-ல் பன்றிகளில் இதே எண்ணத்தைச் செய்து காட்டியிருந்தார். 2002 ஏப்ரல் 16 அன்று கிரிபியே ஒரு மனிதருக்கு அதைச் செய்தார். நோயாளிக்கு வயது 57. இதயம் ஏறத்தாழச் செயலிழந்த நிலை. அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை. மாட்டின் இதய உறையிலிருந்து செய்த மூன்று இதழ்கள், அவற்றைத் தாங்கும் எஃகு வலைச்சட்டம். அதைப் பலூன்மேல் சுருட்டி, குழாய் வழியே கொண்டுபோய் விரித்தார். அந்த நோயாளி வேறு உடல் சிக்கல்களால் சில மாதங்களில் இறந்துபோனாலும், வைத்த வால்வு வேலை செய்தது. டாவி என்று இன்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் சிகிச்சை அங்கே தொடங்கியது.

புது வால்வு வைக்கும்போது பழையதை வெட்டி எடுப்பதில்லை. கால்சியம் அப்பிய இதழ்களைச் சுவரோடு அழுத்திவிட்டு, அவற்றின் நடுவில் புதியது விரிகிறது. பக்கவாதத்துக்கான வேர் இங்கேதான் இருக்கிறது. தொடைத் தமனியில் நுழையும் குழாய் வயிற்றைக் கடந்து, மார்பில் பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, எதிர்த்திசையில் வந்து இதயத்தை எட்ட வேண்டும். முதியவர்களின் பெருந்தமனிச் சுவரும் சுத்தமாக இருப்பதில்லை. கொழுப்பும் கால்சியமும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். விறைப்பான கம்பியும் குழாயும் உரசிக்கொண்டு போகும்போது அவை உதிரலாம். சுருங்கிய வால்வுக்குள் கம்பியை நுழைக்கும்போதும், பலூன் ஊதும்போதும், எல்லாவற்றுக்கும் மேலாகப் புது வால்வை அதன் இடத்தில் பொருத்தி விரிக்கும்போதும் துகள்கள் பறக்கின்றன. மண்டையோட்டின் வழியே ஒலி அலை செலுத்தி மூளைத் தமனிகளைக் கண்காணித்த ஆய்வுகளில், வால்வைப் பொருத்தி விரிக்கும் தருணத்தில்தான் துகள்களின் சமிக்ஞைகள் மழைபோல வந்து குவிந்தன.

இதயத்தை விட்டுக் கிளம்பும் ரத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. பெருந்தமனி வளைவின் உச்சியிலிருந்து மூன்று கிளைகள் மேலே எழுகின்றன. வலப்பக்கத் தண்டு ஒன்று; அது பிரிந்து வலது கையையும் வலது கழுத்தையும் நோக்கிப் போகிறது. அடுத்தது இடது கழுத்துத் தமனி. மூன்றாவது இடது கைத் தமனி. அதிலிருந்தும் ஒரு கிளை முதுகெலும்பை ஒட்டி ஏறி மூளையின் பின்பகுதிக்குச் செல்கிறது. வால்விலிருந்து உதிரும் துகள், இதயத்தின் சொந்தத் தமனிகளைத் தாண்டியதும் சந்திக்கும் முதல் கிளைகள் இவைதான். துகள் எங்கே போய் அடைக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்குப் பேச்சு போகலாம், இன்னொருவருக்கு வலது கை விழலாம், வேறொருவருக்குப் பார்வையின் பாதி மறையலாம். எதுவும் நடக்காமலும் போகலாம். இந்தக் கடைசி வாய்ப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப ஆண்டுகளில் இந்த அபாயம் கண்ணை உறுத்தும் அளவுக்கு இருந்தது. அறுவைச் சிகிச்சை செய்யவே முடியாத நோயாளிகளிடம் நடந்த பார்ட்னர் ஆய்வின் முடிவு 2010-ல் வெளியானது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 50.7 சதவீதம் பேர் இறந்தார்கள். டாவி பெற்றவர்களில் 30.7 சதவீதம். இதயவியலில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். ஆனால் முப்பது நாளுக்குள் கடுமையான பக்கவாதம் டாவி குழுவில் 5 சதவீதம், மற்ற குழுவில் 1.1 சதவீதம். அடுத்த ஆண்டு, அறுவைச் சிகிச்சைக்கும் டாவிக்கும் நேரடி ஒப்பீடு வந்தது. சிறிய, தற்காலிகமான பாதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது முப்பது நாளில் டாவியில் 5.5 சதவீதம், அறுவையில் 2.4 சதவீதம். உயிரைக் காப்பாற்றிவிட்டு பேச்சைப் பறிப்பதா என்ற கவலை மருத்துவர்களை வாட்டியது. நியாயமான கவலை. பல முதியவர்கள் மரணத்தைவிடப் படுத்த படுக்கையாகக் கிடப்பதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. படங்கள் கவலையை இன்னும் கூட்டின. வெளியே எந்த அறிகுறியும் இல்லாத நோயாளிகளை டாவி முடிந்த சில நாட்களில் சிறப்பு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், மூளையில் புதிதாகச் சிறு புள்ளிகள். ஜெர்மனியில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் டாவி பெற்றவர்களில் 84 சதவீதம் பேருக்கு இப்படிப் புள்ளிகள் இருந்தன. திறந்த அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் 48 சதவீதம். பலரின் புள்ளிகள் சில மாதங்களில் படத்திலிருந்து மறைந்தும் போயின. நோயாளி நலமாகத்தான் இருந்தார். இருந்தாலும் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற ஆய்வு, அறிகுறியற்ற மூளைப் பாதிப்புகள் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று 2003-லேயே சொல்லியிருந்தது. அந்தப் பாதிப்புகளும் டாவியின் புள்ளிகளும் ஒரே வகை என்று நிறுவப்படவில்லை. ஆனாலும், கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாகாது என்ற உணர்வு பரவியது.

அப்படிப் பிறந்தவைதான் மூளைக் காப்புக் கருவிகள். யோசனை மிக எளிமையானது: துகள்கள் மூளைக்குப் போகும் வாசலில் ஒரு வலையை விரித்துவை, வேலை முடிந்ததும் சுருட்டி எடு. சிலர் வளைவின் கூரையில் ஒரு தடுப்பை வைத்துத் துகள்களைக் கீழ்நோக்கித் திருப்பிவிட முயன்றார்கள். ட்ரைகார்ட் என்ற கருவி அந்த வகை. மூன்று கிளைகளையும் அது மூடியது. ஆனால் ஆய்வில் பலன் நிரூபணமாகவில்லை, ரத்தக்குழாய்ச் சிக்கல்கள் கூடின. அதிகம் பரவியது சென்டினல் என்ற வடிகட்டி. கலிஃபோர்னியாவின் சாந்தா ரோசா நகரிலிருந்த கிளாரெட் மெடிக்கல் நிறுவனம் உருவாக்கியது; 2018-ல் பாஸ்டன் சயன்டிஃபிக் அந்த நிறுவனத்தை வாங்கியது.

சென்டினலின் அமைப்பு பொறியாளர்களின் திறமைக்குச் சான்று. வலது மணிக்கட்டுத் தமனியில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை நுழைக்கிறார்கள். அது தோள்வழியே வளைவை அடைகிறது. குழாயில் இரண்டு கூம்பு வடிகட்டிகள். முதலாவது வலப்பக்கத் தண்டில் விரிகிறது. குழாயின் நுனியை அங்கிருந்து திருப்பி இடது கழுத்துத் தமனிக்குள் செலுத்தி இரண்டாவதை விரிக்கிறார்கள். வடிகட்டியின் துளைகள் 140 மைக்ரான், அதாவது 0.14 மில்லிமீட்டர். ரத்தம் தடையில்லாமல் போகும், அதைவிடப் பெரிய துகள் நிற்கும். மூளைக்குப் போகும் நான்கு தமனிகளில் மூன்றுக்குக் காவல். இடது முதுகெலும்புத் தமனிக்கு மட்டும் காவல் இல்லை. பழகிய கைக்கு இதைப் பொருத்தச் சில நிமிடங்கள் போதும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 100 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2016-ல் வெளியானது. வடிகட்டி காத்த பகுதிகளில் புதுப் புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. நம்பிக்கை ஊட்டிய முடிவு. அடுத்து 363 பேரிடம் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த சென்டினல் ஆய்வு. அதில் வடிகட்டி வைத்தவர்களில் 99 சதவீதம் பேரின் வடிகட்டியில் ஏதோ ஒன்று சிக்கியிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தார்கள்: உறைந்த ரத்தம், தமனிச் சுவரின் திசு, வால்வின் திசு, ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கால்சியத் துண்டு, மூன்றில் ஒருவரிடம் சிகிச்சைக் கருவிகளிலிருந்தே உதிர்ந்த செயற்கைப் பொருள். முப்பது நாளில் பக்கவாதம் வடிகட்டி உள்ளவர்களுக்கு 5.6 சதவீதம், இல்லாதவர்களுக்கு 9.1 சதவீதம். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைவு. ஆனால் அத்தனை சிறிய கூட்டத்தில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று புள்ளியியல் கைகாட்டியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கமான பதிவேடுகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று என்று வரும் பக்கவாதம் இந்த ஆய்வில் ஒன்பது என்று வந்தது எப்படி? ஒவ்வொரு நோயாளியையும் நரம்பியல் மருத்துவர்கள் முன்னும் பின்னும் முறையாகப் பரிசோதித்தார்கள். விரல்களில் லேசான தளர்ச்சி, வாக்கியத்தில் ஒரு தடுமாற்றம், பார்வையின் ஓரத்தில் ஒரு குறை என அவசரமான வார்டில் யாரும் பார்க்காமல் விடும் அறிகுறிகளும் கணக்கில் வந்தன. ஒரு மருத்துவமனை ‘எங்களிடம் பக்கவாதம் ஒரு சதவீதம்தான்’ என்று சொன்னால், தேடியதா என்று கேட்பது நியாயம்.

2017 ஜூன் மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சென்டினலுக்கு அனுமதி தந்தது. அனுமதியின் வாசகம் முக்கியம். டாவியின்போது உறைகட்டிகளையும் துகள்களையும் பிடித்து அகற்றுவதற்கான கருவி என்றே அதில் இருந்தது. பக்கவாதத்தைத் தடுக்கும் என்று அது சொல்லவில்லை. சொல்லச் சான்றும் இல்லை. கருவி துகளைப் பிடிக்கிறது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. வெள்ளைத் துணியின்மேல் கொட்டிவைத்த சிவப்பும் மஞ்சளுமான துணுக்குகளின் படத்தைப் பார்க்கும் எந்த மகனும் ‘இது அப்பாவின் மூளைக்குள் போயிருக்கும்’ என்றுதான் நினைப்பார். மருத்துவர்களும் மனிதர்கள்தான், அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 2,800 டாலர் விலையுள்ள அந்தக் கருவியை 2019-ன் இறுதியில் அமெரிக்காவில் நடந்த டாவி சிகிச்சைகளில் நூற்றுக்கு 13-ல் பயன்படுத்தினார்கள்.

அந்தப் படத்தை எண்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் கேள்வி எழும். நூறு பேரில் 99 பேருக்குத் துகள் வடிகட்டியில் விழுகிறது. வடிகட்டி இல்லாத நூறு பேரிலும் அதே துகள்கள் பறந்திருக்கும். அவை நேராக மூளைக்குப் போயிருக்கும். ஆனால் அவர்களில் 97 பேர் பக்கவாதம் இல்லாமல் எழுந்து நடக்கிறார்கள். அப்படியானால் வடிகட்டி பிடிக்கும் துகள்களில் மிகப் பெரும்பாலானவை, பிடிபடாமல் போயிருந்தாலும் வெளிப்படையான பக்கவாதத்தை உண்டாக்கியிருக்காது. ஒரு சிறு கிளை அடைபட்டால் பக்கத்துக் கிளைகள் ரத்தம் தந்து ஈடுகட்டும் இடங்கள் மூளையில் உண்டு. சில துகள்கள் தாமாகவே கரையும், நொறுங்கும். நூற்றில் இரண்டு மூன்று பேரைத் தாக்கும் அந்தத் துகளை வடிகட்டி பிடிக்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி. படம் பார்த்து அதற்கு விடை சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தார்கள். கிளீவ்லாந்து கிளினிக்கின் சமீர் கபாடியா தலைமையில் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவின் 51 மருத்துவமனைகளில் 3,000 பேரிடம் நடந்த ஆய்வு 2022 செப்டம்பரில் வெளியானது. 72 மணி நேரத்துக்குள் அல்லது வீடு திரும்புவதற்குள் வரும் பக்கவாதத்தைக் கணக்கிட்டார்கள். வடிகட்டி வைத்தவர்களில் 2.3 சதவீதம், வைக்காதவர்களில் 2.9. வித்தியாசம் தற்செயலின் எல்லைக்குள். ஆனால் ஓர் ஆச்சரியம் இருந்தது. வாழ்க்கையை முடக்கும் கடும் பக்கவாதத்தை மட்டும் தனியே பார்த்தால் 0.5-க்கு 1.3, அதாவது 8 பேருக்கு 20 பேர். பெரிய துகள்தான் பெரிய பக்கவாதத்தைத் தரும், பெரிய துகளைத்தான் வடிகட்டி நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு விளக்கமும் பொருந்தி வந்தது. இதை நம்பிப் பலர் கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். ஆய்வின் முதன்மைக் கேள்வி அதுவல்ல, எண்ணிக்கையும் சிறியது, ஆகவே பொறுங்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

பொறுத்ததற்குப் பலன் பிரிட்டனிலிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் ராஜேஷ் கர்பந்தா தலைமையில், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையும் கருவியைத் தயாரிக்கும் நிறுவனமும் பணம் தந்து, 33 மருத்துவமனைகளில் 7,635 பேரிடம் நடந்த ஆய்வு அது. 2025 மார்ச் மாதம் முடிவு வெளியானது. வடிகட்டி வைத்தவர்களில் 81 பேருக்குப் பக்கவாதம். வைக்காதவர்களில் 82 பேருக்கு. சதவீதத்தில் 2.1, 2.2. முடக்கும் பக்கவாதம் 1.2-க்கு 1.4. முந்தைய ஆய்வு காட்டிய நம்பிக்கை பெரிய கூட்டத்தில் நிற்கவில்லை. தொடர்வதில் பயனில்லை என்று தெரிந்ததால், திட்டமிட்ட எண்ணிக்கை நிறைவதற்குச் சற்று முன்னரே சேர்க்கையை நிறுத்தினார்கள். இரண்டு ஆய்வுகளின் பக்கவாத எண்ணிக்கையையும் கூட்டிப் பார்த்தேன். இரு பக்கமும் ஏறத்தாழ 5,300 பேர். வடிகட்டிப் பக்கம் 115 பக்கவாதம், மறுபக்கம் 125. கருவி தீங்கும் பெரிதாகச் செய்யவில்லை. எல்லா நோயாளிக்கும் வழக்கமாக வைக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதே இதன் பொருள்.

துகளைப் பிடித்தும் பக்கவாதம் குறையாதது ஏன்? ஒற்றைக் காரணம் இல்லை. 0.14 மில்லிமீட்டருக்குக் குறைவான துகள்கள் துளை வழியே போய்விடுகின்றன. இடது முதுகெலும்புத் தமனி திறந்தே கிடக்கிறது. தமனியின் அகலம் ஆளுக்கு ஆள் மாறுவதால் வடிகட்டியின் ஓரத்தில் இடைவெளி இருக்கலாம். வடிகட்டியைக் கொண்டுபோகும் குழாயே அழுக்குப் படிந்த வளைவில் உரசுகிறது. இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படும் காரணம் நேரம். அமெரிக்கப் பதிவேட்டில் 2011 முதல் 2017 வரை டாவி பெற்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, முப்பது நாளில் 2.3 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. அதில் ஏறத்தாழப் பாதிதான் முதல் நாளில். மீதி பிறகு வந்தது. வடிகட்டியோ சிகிச்சை மேசையிலேயே கழற்றப்பட்டுவிடுகிறது. அதற்குப் பின் வரும் பக்கவாதத்துக்கு அதனிடம் பதில் இல்லை.

பின்னால் வரும் பக்கவாதத்துக்கு வேறு மூலங்கள் உண்டு. டாவிக்கு வருபவர்களில் மூன்றில் ஒருவருக்கு இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஏற்கெனவே இருக்கிறது. சிலருக்கு இந்தச் சிகிச்சைக்குப் பின் புதிதாக வருகிறது. சரியாகச் சுருங்காத மேலறையில் ரத்தம் தேங்கி உறைகிறது, ஒருநாள் அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போகிறது. புது வால்வின் உலோகச் சட்டத்திலும் இதழிலும்கூட மெல்லிய உறைவு படியலாம். ஆகவே வால்வு வைத்த பின் நாடித்துடிப்பைத் தொடர்ந்து கவனிப்பதும், ஒழுங்கற்ற துடிப்பு தெரிந்தால் உரிய உறைதல் தடுப்பு மருந்தைத் தொடங்குவதும் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் பெரிய காப்பு.

‘அப்படியானால் எல்லோருக்கும் பலமான மருந்தைக் கொடுத்துவிடலாமே’ என்ற எண்ணத்தையும் ஆய்வுகள் திருத்தின. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இல்லாத டாவி நோயாளிகளுக்கு ரிவராக்சபான் என்ற உறைதல் தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, மருந்து பெற்றவர்களில் மரணமும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் என்ற மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். நெதர்லாந்து மருத்துவர்கள் வழிநடத்தி, 665 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் அதைக் கேள்வி கேட்டது. ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் ரத்தக்கசிவு 15.1 சதவீதம், இரண்டும் எடுத்தவர்களில் 26.6, பக்கவாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மற்றொரு காரணத்துக்காகத் தேவைப்படாவிட்டால் ஒரு மாத்திரை போதும் என்பது இன்றைய வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்று நாமாகச் சேர்ப்பதும், ரத்தம் கசிகிறதென்று நாமாக நிறுத்துவதும் ஆபத்து.

இத்தனைக்கும் நடுவே நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 2011-ல் 5.5 சதவீதமாக இருந்த அந்த எண் 2019-ல் வெளியான பார்ட்னர் 3 ஆய்வில் மிகவும் இறங்கியது. முப்பது நாளில் பக்கவாதம் டாவியில் 0.6 சதவீதம், அறுவைச் சிகிச்சையில் 2.4. ஒப்பிடும்போது நேர்மை வேண்டும். முதல் ஆய்வில் சராசரி வயது 84, பலவீனமான உடல்கள். 2019-ல் சராசரி 73, நல்ல உடல்நிலை. முதல் கணக்கில் தற்காலிகப் பாதிப்பும் சேர்ந்திருந்தது. இருந்தாலும் இறக்கம் முழுவதும் இதனால் வந்ததல்ல. ஆரம்பத்தில் தொடையில் நுழைத்த உறைக்குழாயின் உள்விட்டம் 7 முதல் 8 மில்லிமீட்டர். இன்று பல வால்வுகளுக்கு 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. மெல்லிய, வளையும் குழாய் தமனிச் சுவரைக் குறைவாகவே சுரண்டும். சிகிச்சைக்கு முன் எடுக்கும் சி.டி. ஸ்கேன் வால்வின் அளவையும் கால்சியம் எங்கே குவிந்திருக்கிறது என்பதையும் வளைவின் நிலையையும் மில்லிமீட்டர் கணக்கில் சொல்கிறது. சரியான அளவு வால்வு முதல் முறையிலேயே சரியான இடத்தில் உட்கார்ந்தால், இழுத்து மாற்றவும் மறுபடி பலூன் ஊதவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கூடுதல் அசைவும் கூடுதல் துகள் என்பதை மனதில் கொண்டு கையாளும் மருத்துவரின் அனுபவம், என் கருத்தில், எந்த வடிகட்டியையும்விடப் பெரிய பாதுகாப்பு.

அரங்கில் நடக்கும் வேறு சில எளிய வேலைகளும் இதே பட்டியலில் சேரும். குழாய் உள்ளே போனதும் ஹெப்பாரின் என்ற உறைதல் தடுப்பு மருந்தைக் கொடுத்து, ரத்தம் உறையும் நேரத்தை இடையிடையே அளந்து, குறைந்தால் மீண்டும் கொடுக்கிறார்கள். புது வால்வை விரிக்கும்போது இதயத்தை வேகமாகத் துடிக்கவைப்பதால் சில நொடிகள் ரத்த அழுத்தம் விழும். அது நீளாமல் பார்த்துக்கொள்கிறார்கள். முழு மயக்கம் கொடுக்காமல் லேசான தூக்க நிலையில் செய்தால், முடிந்த உடனே நோயாளியின் பெயரைக் கேட்கலாம், இரு கைகளையும் தூக்கச் சொல்லலாம். பதில் குழறினால் அந்த நிமிடமே நரம்பியல் குழுவை அழைக்கலாம். மூளையின் பெரிய தமனி அடைபட்டிருந்தால் கட்டியைக் குழாய் வழியே இழுத்து எடுக்க முடியும். கால்சியத் துண்டு அடைத்திருந்தால் கட்டி கரைக்கும் மருந்து உதவாது என்பதால், இந்த வசதி அருகில் இருப்பது முக்கியம்.

வடிகட்டிகளின் கதை முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மூன்று கிளைகளையும் மூடும், துளைகள் இன்னும் நுண்ணிய கருவிகள் ஆய்வில் இருக்கின்றன. ஜெர்மனியின் ஆக்கன் நகரில் உருவான ப்ரொடெம்போ கருவியின் துளை 60 மைக்ரான். கால்சியம் மிக அதிகமாக உள்ளவர்கள், முன்பே பக்கவாதம் வந்தவர்கள், வளைவில் கொழுப்புத் திட்டுகள் தளர்ந்து தொங்குபவர்கள் என்று பொறுக்கி எடுத்தவர்களுக்கு வடிகட்டி பயன்படுமா என்ற கேள்வியும் திறந்திருக்கிறது. ஆனால் புதிதாக வரும் கருவியும் அதே தேர்வை எழுத வேண்டும். துகளைக் காட்டினால் போதாது, பக்கவாதம் குறைந்ததைக் காட்ட வேண்டும்.

குஜராத்தின் வாபியில் தயாராகும் மைவால் போன்ற வால்வுகளும் வந்துவிட்ட நிலையில், டாவி இந்தியாவிலும் பல நகரங்களில் கிடைக்கிறது. பல குடும்பங்கள் சேமிப்பைக் கரைத்தும் கடன் வாங்கியும்தான் இந்தச் செலவைத் தாங்குகின்றன. அவர்களிடம் ‘மூளைக்குப் பாதுகாப்பாக ஒரு கருவி, கொஞ்சம் கூடுதல் செலவு, வேண்டுமா?’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் துணிவு எந்தப் பிள்ளைக்கும் வராது. அதனால்தான் இந்த எண்களை இவ்வளவு விரிவாகச் சொன்னேன். அந்தக் கருவி இல்லாமல் போனதால் அப்பாவுக்குக் குறை வைத்துவிட்டோம் என்ற குற்ற உணர்வு யாருக்கும் தேவையில்லை. உங்களுக்கு அதைப் பரிந்துரைத்தால், ‘இவருக்குக் குறிப்பாக ஏன்?’ என்று கேளுங்கள்; நல்ல மருத்துவர் காரணம் சொல்வார். அதைவிட முக்கியமாக, இந்தக் குழு ஆண்டுக்கு எத்தனை டாவி செய்கிறது, சி.டி. ஸ்கேனில் வளைவு எப்படி இருக்கிறது, பக்கவாதம் வந்தால் கட்டியை இழுத்தெடுக்கும் வசதி இதே மருத்துவமனையில் இரவிலும் உண்டா, வீடு திரும்பிய பின் நாடித்துடிப்பை யார் எப்போது பரிசோதிப்பார்கள் என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பின் முதல் மாதம் கவனமாக இருங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, பக்கவாத சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள். அறிகுறி தொடங்கிய நேரம், வால்வு வைத்த தேதி, சாப்பிடும் உறைதல் தடுப்பு மருந்தின் பெயர், கடைசியாக அதைச் சாப்பிட்ட நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.